அறுபது சென்டிமீட்டர்

திருப்பூரில் ஒரு பொது சாயக்கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் பொறுப்பு இன்ஜினியராக இருந்தேன். அங்கே கிளாரிஃபையரின் லாக் புத்தகத்தில் ‘ஸ்லட்ஜ் மட்டம்’ என்று ஒரு கட்டம் உண்டு. தொட்டியின் அடியில் கசடு எவ்வளவு உயரத்துக்குப் படிந்திருக்கிறது என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் அளந்து அதில் எழுத வேண்டும். நான் அளக்காமலே 60 செ.மீ. என்று எழுதினேன். ஆபரேட்டர்களையும் அப்படியே எழுதச் சொன்னேன். கசடு ஏறி, இயந்திரம் திணறி, தன்னைக் காத்துக்கொள்ள நின்றபோது, அது நிற்க முடியாதபடி செய்தவனும் நான்தான். கடைசியில் அது உடைந்தது. அதற்காக வேலை போனது எனக்கில்லை. முன்கூட்டியே என்னிடம் வந்து சொன்ன ஆபரேட்டருக்குத்தான் போனது. விசாரணை அறிக்கையை எழுதியவன் நான்.

அந்த அறிக்கை இன்னும் கோப்பில் இருக்கிறது. அதில் உள்ளதை மறுத்துச் சொல்லக்கூடிய ஆட்களில் நான் ஒருவன், சொல்லாமலே இருந்துவிட்டேன். இங்கே முழுவதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கொஞ்சம் இயந்திரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். நான் செய்தது என்ன என்று அப்போதுதான் புரியும்.

கிளாரிஃபையர் என்பது மேலே திறந்திருக்கும் வட்டமான பெரிய கான்கிரீட் தொட்டி. எங்களுடையது 24 மீட்டர் விட்டம், ஓரத்தில் மூன்றரை மீட்டர் ஆழம். தரை நடுவை நோக்கிச் சரிந்து ஒரு குழியில் முடியும். சாயப்பட்டறைகளிலிருந்து வரும் தண்ணீரில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் கலப்போம். கடைசியாக, ‘பாலி’ என்று நாங்கள் சொல்லும் பாலிமர் கரைசலைக் கொஞ்சமாக விடுவோம். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் திரிந்த சாயமும் அழுக்கும் அப்போது ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அந்தத் தண்ணீர் தொட்டியின் நடுவிலுள்ள உருளைக்குள் இறங்கி, மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து, விளிம்பில் வெட்டியிருக்கும் ‘வீ’ வடிவப் பற்கள் வழியாக வாய்க்காலில் வழியும். நடுவிலிருந்து ஓரம் போய்ச் சேர்வதற்குள் திரண்டவை எல்லாம் அடியில் இறங்கிவிட வேண்டும். அப்படி இறங்கியதை ஒரு நீண்ட இரும்புக் கை, தரையை ஒட்டிய பட்டைகளால், நடுக்குழிக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதுதான் ரேக் ஆர்ம். குழியிலிருந்து பம்ப் இழுத்து ஃபில்டர் பிரஸ்ஸுக்கு அனுப்பும். ஆர்ம் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். பாலத்தின் மேல் நின்று பார்ப்பவருக்கு அது நகர்வதே தெரியாது. வேகமாகச் சுற்றினால் படிந்ததெல்லாம் கிளம்பிவிடும்.

ஒரு துகள் திரவத்தில் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை ஸ்டோக்ஸ் 1851-இல் கணக்கிட்டார். துகளின் குறுக்களவு இரட்டிப்பானால் இறங்கும் வேகம் நான்கு மடங்காகும். பாலி விட்டுத் துகளைப் பெரிதாக்குவது அதற்காகத்தான். 1904-இல் ஆலன் ஹேசன் என்ற அமெரிக்கப் பொறியாளர், துகள் படிவதைத் தீர்மானிப்பது தொட்டியின் ஆழத்தைவிட அதன் மேற்பரப்புதான் என்று விளக்கினார். இந்த இரண்டையும் கல்லூரியில் படித்துத் தேர்வு எழுதினேன். படிந்ததை என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்தக் காலத்தில் பதில் சொன்னவர் ஜான் டார். தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் பகுதியில் தங்கத் தாதுவைச் சயனைடு கரைசலில் பிரிக்கும் ஆலைகளில் நுண்சேறு பெரிய தொல்லையாக இருந்தது. தொட்டியை நிரப்பி, படியவிட்டு, மேல் நீரை வடித்து, பிறகு வேலையை நிறுத்திச் சேற்றை வெளியேற்ற வேண்டும். டார் மெல்லச் சுழலும் ரேக்கைத் தொட்டிக்குள் வைத்தார். மேலே தண்ணீர் வழிந்துகொண்டே இருக்க, கீழே சேறும் வெளியேறிக்கொண்டே இருந்தது. இன்று உலகத்தில் சுற்றும் வட்டக் கிளாரிஃபையர்களில் பெரும்பாலானவை அந்த யோசனையின் வாரிசுகள். என் பாடப் புத்தகத்தில் அவருக்கு ஒரு படம், அதன் கீழே இரண்டு வரி. நானும் அந்த அளவுக்கே அதை மதித்தேன் என்று இப்போது தெரிகிறது.

எங்கள் ஊரில் தண்ணீரைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது நீதிமன்றம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர் கலந்தது. 1992-இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயமும் உப்பும் தேங்கும் குட்டையானது. கீழேயிருந்த விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல், சொட்டு நீரும் வெளியே விடக்கூடாது என்றது. அது நடக்காமல் போகவே, 2011 ஜனவரி 28-ஆம் தேதி சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. அந்த மாதங்களில் திருப்பூர் எப்படி இருந்தது என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பட்டறைகள் மறுபடி திறந்தது, தண்ணீரை முழுவதும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துவோம் என்ற நிபந்தனையில். ஆகவே கிளாரிஃபையரில் வழியும் தண்ணீர் மணல் வடிகட்டிக்குப் போகிறது, அங்கிருந்து நுண்சவ்வுக்கு, அங்கிருந்து ஆர்.ஓ.வுக்கு. ஆர்.ஓ. ஒதுக்கும் உப்புநீரை ஆவியாக்கி உப்பை எடுப்போம். ஆர்.ஓ. சவ்வு விலை உயர்ந்தது. அதற்குள் போகும் தண்ணீரில் நுண்துகள் எவ்வளவு என்று காட்டும் எஸ்.டி.ஐ. என்ற எண் 5-ஐத் தாண்டக் கூடாது, 3-க்குள் இருந்தால் நிம்மதி. தினமும் காலையில் நான் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி அந்த எண்தான். பார்க்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும் வாய்க்காலில் ஒரு டம்ளர் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். நானும் அதைக் காட்டுவதில் பெருமைப்பட்டிருக்கிறேன். அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அது என்னைக் காப்பாற்றும் வாதமாகாது. அதைக் கேட்பதற்கென்றுதான் அங்கே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

கசடு எப்படி ஏறியது என்று சொல்கிறேன். பிரஸ் பிழிந்து தள்ளும் கசடுக் கட்டியை, அதாவது கேக்கை, ஷெட்டில் அடுக்கி வைப்போம். கழிவுநீர் சுத்திகரிப்பில் வரும் ரசாயனக் கசடு, 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி அபாயகரக் கழிவு. 90 நாளுக்கு மேல் இடத்தில் வைத்திருக்கக் கூடாது. சிமென்ட் ஆலைச் சூளைக்கோ, அங்கீகாரம் பெற்ற குழிக்கோ அனுப்ப வேண்டும். அந்தச் சமயம் லாரி தாமதமானது. ஷெட் நிறைந்து வெளித் தளத்துக்கு வந்துவிட்டது. மழைக்காலம். மாசு கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஷெட்டுக்கு வெளியே கிடக்கும் கேக்கை யாராலும் ஒளிக்க முடியாது. தொட்டிக்கு அடியில் இருப்பது யார் கண்ணிலும் படாது. பிரஸ்ஸை இரண்டு ஷிஃப்டிலிருந்து ஒரு ஷிஃப்டாகக் குறைக்கச் சொன்னேன். கிளாரிஃபையரை நான் கிடங்காக்கிவிட்டேன். நடந்தது அவ்வளவுதான், அதற்குப் பெரிய விளக்கம் கிடையாது. “நிலைமை சரியாகும் வரைக்கும்” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஸ்லட்ஜ் மட்டத்தை அளப்பது கடினமான வேலையில்லை. ஒளி ஊடுருவும் நீண்ட பிளாஸ்டிக் குழாய், அடியில் ஒரு பந்து வால்வு. பாலத்தில் நின்று குழாயை மெல்லத் தரை தட்டும் வரை இறக்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் உள்ளே கலங்கிவிடும். தரை தட்டியதும் ஒரு சிறு வெட்டு வெட்டி இழுத்தால் பந்து வாயை அடைத்துக்கொள்ளும். தூக்கிப் பார்த்தால் தொட்டியின் குறுக்குவெட்டு கையில் இருக்கும்: மேலே தெளிந்த நீர், அதன் கீழே கலங்கல், அதற்கும் கீழே அடர்ந்த கசடு. கோடு எங்கே இருக்கிறதோ அங்கே படித்து எழுதலாம். ஒழுங்காகச் செய்தால் பத்து நிமிடம் கூட ஆகாது. எங்கள் குழாயில் கீழ்ப் பந்து விரிசல் விட்டு ஒழுகியது. புதியது வாங்க இன்டென்ட் போட்டிருக்கலாம். நான் போடவில்லை. குழாய் இருந்தால் அளக்க வேண்டும். அளந்தால் எழுத வேண்டும். எழுதினால் பிரஸ்ஸை ஓட்டியாக வேண்டும், ஓட்டினால் கேக் வெளியே குவியும். 60 என்பது கடைசியாக உண்மையாக அளந்த எண். அதையே தொடர்ந்து எழுதினோம். தினமும் ஒரே எண் வந்தால் சந்தேகம் வரும் என்று இடையிடையே 55, 65 என்றும் எழுதச் சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்தை எழுதும்போது என் முகம் சுடுகிறது. சோம்பல் என்று முதலில் எனக்கு நானே பெயர் வைத்திருந்தது, அந்த 55-ஐயும் 65-ஐயும் நினைத்தால் நிற்பதில்லை. அது திட்டமிட்ட ஏமாற்று.

குழாய் இல்லாமலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5,000 கன மீட்டர் தண்ணீர். சுண்ணாம்பும் ஃபெரஸும் கலந்தபின் லிட்டருக்கு ஏறக்குறைய 800 மில்லிகிராம் திடப்பொருள். பெருக்கினால் நாளொன்றுக்கு 4 டன் உலர்ந்த திடப்பொருள் தொட்டிக்குள் போகிறது. ஒரே ஷிஃப்ட் ஓடும் பிரஸ்ஸிலிருந்து வருவது 2 டன். மேல் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, ஆகவே அதன் வழியாக ஒன்றும் போகவில்லை. மீதி 2 டன் எங்கே? அடியில் கசடு 5 சதவீத அடர்த்தியில் இருக்கிறது என்று வைத்தால் 2 டன் என்பது 40 கன மீட்டர் இடத்தைப் பிடிக்கும். 24 மீட்டர் விட்டத் தொட்டியில் அது நாளுக்கு 9 செ.மீ. உயரம். கசடு இறுகும் என்று கழித்துப் பார்த்தாலும், இரண்டு வாரத்தில் இடுப்பளவு ஏறிவிடும். கணக்கு இவ்வளவுதான். டிப்ளமோ மாணவன் போட்டுவிடுவான். லாக் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் நானே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அழித்தேன். தெரியாமல் செய்தேன் என்று யாரிடமும் நான் சொல்ல முடியாது.

இடையில் ஒரு விஷயம் எனக்கு வசதியாக அமைந்தது. பம்ப் இழுக்கும் கசடு நீர்த்துப் போயிருப்பதாக லேப் சொன்னது. ‘பாருங்கள், அடியில் கசடே இல்லை, தண்ணீர்தான் வருகிறது’ என்று மீட்டிங்கில் பேசினேன். இந்தத் தொழிலில் பழகியவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். கசடு இறுகிவிட்டால் அது பம்பின் வாய்க்கு நகர்ந்து வராது. பம்ப் இழுக்க இழுக்க, கசட்டுக்குள் எலி வளை போட்டதுபோல ஒரு துளை விழுந்து, மேலேயுள்ள தண்ணீர் அதன் வழியே நேராக இறங்கி வரும். நீர்த்த கசடு வந்தால் ஸ்லட்ஜ் மட்டத்தை உடனே அளக்க வேண்டும் என்பதுதான் பாடம். எனக்குத் தெரிந்த பாடத்தைத் தலைகீழாகச் சொல்லி, தெரியாதவர்களை நம்பவைத்தேன்.

சுண்ணாம்புக் கசட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. கிடந்தால் இறுகும். அடியில் கால்சியம் கார்பனேட் படிந்து ஓடு கட்டும். ரேக்கின் பட்டைகள் அதைச் சுரண்ட முடியாமல் மேலே ஏறி ஏறி இறங்கும்.

அதை முதலில் கேட்டவர் நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், பழைய பட்டறைக் காலத்திலிருந்து தண்ணீரோடு இருப்பவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை சார் என்பார். காலையில் ஷிஃப்ட் முடித்துப் போகாமல் எனக்காகக் காத்திருந்தார்.

“சார், ஆர்ம் முக்குதுங்க. ஒரு பக்கம் வர்றப்ப கியர் பாக்ஸ் சத்தம் மாறுது. முள்ளு ஏறி ஏறி இறங்குதுங்க.”

“மழைத் தண்ணி கலந்து லோடு ஜாஸ்தியா வந்திருக்கும்ணா. பாத்துக்கலாம்.”

“ரெண்டு நாளைக்கு பிரஸ்ஸை நைட்லயும் ஓட்டுனா இறங்கிரும்ங்க. நான் நின்னு பாத்துக்கறேன்.”

“கேக்கை எங்க போடறது? லாரி வரட்டும்.”

அவர் சொன்ன முள் எதுவென்று சொல்ல வேண்டும். ஆர்மைச் சுற்றும் கியர் பாக்ஸில் வார்ம் தண்டின் ஒரு முனை, கனத்த சுருள்வில்லின் மேல் சாய்ந்திருக்கும். ஆர்முக்கு எதிர்ப்பு அதிகமானால் தண்டு வில்லை அழுத்திக்கொண்டு சற்றே பின்வாங்கும். அந்தச் சின்ன நகர்வு வெளியேயுள்ள டயலில் ஒரு முள்ளைத் தள்ளும். முள் ஒரு அளவைத் தொட்டால் மணி அடிக்கும். அடுத்த அளவைத் தொட்டால் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும். அதையும் மீறினால் ஷியர் பின் என்ற மெலிந்த முளை முறிந்து, கியர் சுற்றினாலும் ஆர்ம் சுற்றாமல் விட்டுவிடும். ஆர்ம் வளைவதைவிடப் பின் முறிவது நல்லது என்று யாரோ ஒரு பொறியாளர் யோசித்து வைத்த ஏற்பாடு. ஆர்முக்கு வேண்டிய முறுக்குவிசை தொட்டியின் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். எங்களுடையதைப்போல இரு மடங்கு விட்டமுள்ள தொட்டியானால், அதே கசட்டைத் தள்ள நான்கு மடங்கு முறுக்கு வேண்டும். அத்தனை பெரிய விசையின் முன்னால் நிற்பது பென்சில் பருமன் பின் ஒன்று.

மணி அடித்தது. ஃபியூஸைக் கழற்றச் சொன்னேன். சத்தம் தொல்லை என்றேன். பிறகு மோட்டார் அடிக்கடி நிற்கத் தொடங்கியது. நின்றால் உடனே ஆர்மைச் சுற்றவைக்க வேண்டும், இல்லையென்றால் கசடு அதன்மேல் இறுகும் என்ற பயம் எனக்கு. அந்தப் பயம் நியாயமானது. அதற்குச் சரியான வழி, உள்ளே வரும் தண்ணீரை நிறுத்தி, கசட்டை இறக்கி, பிறகு சுற்றுவது. தண்ணீரை நிறுத்தினால் பட்டறைகள் நிற்கும், பட்டறைகள் நின்றால் காரணம் கேட்பார்கள். கான்ட்ராக்ட் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பேனலில் மோட்டாரை நிறுத்தும் அந்த டார்க் சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்க்கச் சொன்னேன். சிவப்பு ஒயர், விரல் நீளம்தான் இருக்கும். அதன்பின் முள் எங்கே போனாலும் மோட்டார் நிற்காது. அடுத்து ஷியர் பின் முறிந்தது. ஸ்டோரில் சரியான பின் இல்லை. ஃபிட்டர் தன் பெட்டியிலிருந்து ஹைடென்சில் போல்ட் ஒன்றை எடுத்துக் காட்டி, “இது முறியாதுங்களே சார்” என்றார். முறியக்கூடாது என்பதுதான் வேண்டும் என்றேன். அவர் என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் போட்டார்.

ஆபரேட்டர் அண்ணன் இரண்டாம் முறை வந்து சொன்னார். “ஜம்பர் போட்டிருக்கீங்க போல. ராத்திரிக்கு நான் தனியா இருக்கறனுங்க. எங்கயாச்சும் எழுதி வைங்க சார்.” எழுதவில்லை. அவரும் லாக்கில் எழுதக்கூடாது என்று சொன்னேன்.

ஒரு பின்னிரவில் ஆர்ம் மடங்கியது. மோட்டார் நிற்கவில்லை, பின் முறியவில்லை. முறிய வேண்டியது முறியாததால் முறியக்கூடாதது முறிந்தது. ஒரு பக்கத்து ஆர்ம் நடுவிலிருந்து முறுக்கிக்கொண்டு வளைந்தது, கியரின் பற்கள் உதிர்ந்தன. காலையில் வாய்க்காலில் வழிந்த தண்ணீர் அப்போதும் தெளிவாகவே இருந்தது. மேலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

தொட்டியை இறக்க வேண்டியதாயிற்று. பட்டறைகளில் தண்ணீர் விடுவதை நிறுத்தச் சொன்னோம். ஓட்டத்தை வாங்க வேறு தொட்டி இல்லை. பட்டறைக்குள் ஈரத் துணி அப்படியே கிடந்தது. தினக்கூலிக்காரர்கள் வீட்டுக்குப் போனார்கள். தண்ணீர் இறங்க இறங்கக் கசடு தெரிந்தது, ஓரத்தில் நெஞ்சளவு, மேலே செங்காவி நிறம், வெட்டினால் உள்ளே கரி போலக் கறுப்பு. நுண்ணுயிர்களால் சுத்திகரிக்கும் பயாலஜிக்கல் பகுதியின் உபரிக் கசட்டையும் இந்தத் தொட்டிக்கே திருப்பி விட்டிருந்தோம். அது காற்றில்லாமல் அழுகியிருந்தது. சாயத்துக்குப் போடும் கிளாபர் உப்பும் ஃபெரஸும் சல்ஃபேட். காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அழுகிய முட்டை வாடை வரும். வாடை வந்தால் எச்சரிக்கையாகிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு வந்தால் மூக்கு மரத்துப்போகும். வாடை நின்றுவிட்டதே என்று தோன்றும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

கசட்டைத் தோண்ட ஆட்களை இறக்கினேன். வெளி மாநிலத்திலிருந்து வந்த பையன்கள். அபாயத்தை அவர்கள் மொழியில் சொல்ல எனக்குத் தெரியாது, தெரிந்தவர்களைக் கூப்பிடவும் இல்லை. திறந்த தொட்டிதானே, காற்றோட்டம் இருக்கிறது என்று கேஸ் மீட்டர் வைக்காமல் இறக்கினேன். மீட்டர் அலுவலக அலமாரியில் இருந்தது, பேட்டரி சார்ஜ் இல்லை. நடுக்குழிக்குப் பக்கத்தில் ஒரு பையன் மண்வெட்டியால் இறுகிய ஓட்டை உடைத்தான். கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தான், வாந்தி எடுத்தான். மேலே நின்ற ஆபரேட்டர் அண்ணன்தான் கத்தி எல்லாரையும் ஏறச் சொன்னார். இடுப்பில் கயிறு கட்டியே இறங்க வேண்டும் என்று காலையில் பிடிவாதம் பிடித்தவரும் அவர்தான். கயிற்றைப் பிடித்து இழுத்து அந்தப் பையனை மேலே கொண்டுவந்தோம். சாயங்காலம் தேறிவிட்டான். அந்தக் கயிறு இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நான் கற்பனை செய்யத் தேவையில்லை. கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழ, மூன்றாமவரும் விழுந்த செய்திகளைத் தமிழ்நாட்டில் பத்திரிகை படிக்கும் எல்லாரும் படித்திருக்கிறோம். நான் அந்தச் செய்தியின் விளிம்பு வரை மூன்று பேரைக் கூட்டிப் போனேன். பையன் மயங்கியதற்கு வெயில் காரணம் என்று பதிவேட்டில் எழுதினேன்.

நிலையத்தின் இயக்குநர்கள் விசாரித்தார்கள். பேனலைத் திறந்தபோது சிவப்பு ஒயர் தெரிந்தது. யார் போட்டது என்று கேட்டார்கள். எலெக்ட்ரீஷியன் வேறு கான்ட்ராக்டுக்குப் போயிருந்தார். ஃபிட்டர் லீவில் இருந்தார். என்னை அறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். “இரவு ஷிஃப்டில் மோட்டார் அடிக்கடி நின்றதால், அதைத் தவிர்க்க ஆபரேட்டர் தரப்பில் இணைப்புக் கொடுக்கப்பட்டிருக்க வாய்ப்பு உள்ளது. ஸ்லட்ஜ் மட்டப் பதிவுகளும் ஆபரேட்டர் கையெழுத்தில் உள்ளன” என்று எழுதினேன். அதில் பெயர் இல்லை. பெயர் தேவைப்படவும் இல்லை, இரவு ஷிஃப்டில் ஒருவர்தான். பதிவுகள் அவர் கையெழுத்தில் இருந்தது உண்மை. எழுதச் சொன்னது நான் என்ற உண்மையை விட்டுவிட்டேன். பாதி உண்மையை வைத்து ஒரு மனிதரை வெளியே தள்ளினேன்.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது நான் அந்த அறையில் இருந்தேன். “நான் போடலைங்க” என்றார். என் பக்கம் திரும்பினார். சார் சொல்லுவார் என்று காத்திருந்தார். அந்த நேரத்தில் எனக்கு ஓடிய கணக்கு இதுதான்: வீட்டுக் கடன், அடுத்த மாதம் வரவேண்டிய பதவி உயர்வு, ஊரில் என் பெயர். அவருக்கும் இதெல்லாம் இருக்கும் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. தலையைக் குனிந்து ஃபைலைப் பார்த்தேன். அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

அதன்பின் கிளாரிஃபையர் சரியானது. புது ஆர்ம், ஓவர்லோடு வந்தால் ஆர்மையே மேலே தூக்கும் வசதி, ஸ்லட்ஜ் மட்டத்தைத் தானே காட்டும் மீட்டர் எல்லாம் வந்தன. அவற்றை வாங்கச் சொல்லிப் பேசியவன் நான்தான். பாராட்டும் எனக்குத்தான். மீட்டர் சுவரில் எண்ணைக் காட்டும்போதெல்லாம், அதே எண்ணைக் காதால் கேட்டே சொன்னவரை அனுப்பிவிட்டோம் என்பது எனக்குத் தெரியும். அந்த வேலையை விட்டு வந்த பிறகும் அது போகவில்லை.

சமீபத்தில்தான் அவரைத் தேடிப் போனேன். ஒரு மில்லில் செக்யூரிட்டியாக இருக்கிறார். நின்றபடியே பேசினார். அந்த வருடம் மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க முடியாமல் பனியன் கம்பெனிக்கு அனுப்பியதைச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. வேறு நிலையங்களில் வேலை கேட்டபோது, ஜம்பர் போட்டு மெஷினை உடைத்தவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது என்றார். மன்னிப்புக் கேட்டேன்.

“அது இருக்கட்டுங்க சார். அந்தத் தாள்ல என்ன எழுதினீங்களோ அதை மாத்திக் குடுங்க. எம்பையன் கேட்டா காட்டோணும்” என்றார்.

இயக்குநர்களுக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். ஸ்லட்ஜ் மட்டப் பதிவுகள் என் உத்தரவின்பேரில் அளக்காமல் எழுதப்பட்டவை. பிரஸ்ஸைக் குறைத்தது நான். டார்க் சுவிட்சை இணைக்கச் சொன்னது நான். ஷியர் பின்னுக்குப் பதில் போல்ட் போடச் சொன்னது நான். கேஸ் பார்க்காமல் ஆளை இறக்கியது நான். ஆபரேட்டர் இரண்டு முறை எச்சரித்தார், இரண்டு முறையும் நான் தட்டிக் கழித்தேன். அவர்மீது சந்தேகம் வரும்படி என் அறிக்கையில் எழுதியது பொய். பழைய அறிக்கையோடு இதையும் சேர்த்துக் கோப்பில் வைக்க வேண்டும், அவருக்கு வரவேண்டிய பாக்கியைக் கொடுக்க வேண்டும், அவருடைய பணிச் சான்றைத் திருத்தித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். உறுப்பினர் கூட்டத்தில் வந்து நேரில் சொல்லவும், இழப்பில் என் பங்கு எவ்வளவு என்று சொன்னால் கட்டவும் தயார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடிதத்தின் நகல் அவரிடம் இருக்கிறது.